செங்கழுநீர்ப்பட்டின் அரண்

அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற செய்தியைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஒப்பனை செய்து, நெய் தடவி, காவல் மிகுந்த மாளிகையில் அடுக்கி வைத்திருந்த வேல்களைக் கண்ட ஔவையார், தம் தலைவனுடைய வேல்களோ பகைவர்மீது பாய்ந்து முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். மேடைதோறும் எடுத்தாளப்படும் அங்கதம் இது. ஆனால் பேசுவோர் பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இங்கே நிற்கவில்லை. அந்த வேல்களுக்கு உரியவன் யார் என்று சொல்ல வரும்போது, அவன் வென்ற களங்களையோ எறிந்த கோட்டைகளையோ புலவர் எண்ணிக் காட்டவில்லை. உள்ளபோது பிறர்க்குச் சோறிட்டு, இல்லாதபோது இருப்பதை அவர்களோடு பகிர்ந்துண்ணும் ஏழைச் சுற்றத்தின் தலைவன் என்றே அவனைச் சுட்டுகிறார். தொண்டைமானின் படைக்கலச் சாலையில் நின்றுகொண்டு சோற்றைப் பற்றிப் பேசியது எதிரிக்கு எச்சரிக்கையாக இருந்திருக்குமா, வெறும் புகழ்ச்சியாகத் தோன்றியிருக்குமா என்பதைத் தொண்டைமான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொண்டை நாட்டின் பிற்கால வரலாறு, ஔவையார் எதை எதனோடு சேர்த்துச் சொன்னாரோ அதன் உண்மையை மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது.

தொண்டை நாட்டுக்குக் காவிரி வாய்க்கவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை கார்த்திகை வரை கொட்டித் தீர்த்துவிட்டுப் போனால், அந்நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு அடுத்த மழை வரை உயிர் வாழ வேண்டிய நிலம் இது. ஆகவே இந்நாட்டு மன்னர்களின் புகழ் வாளிலும் ஏரிக்கரையிலும் சேர்ந்தே எழுதப்பட்டது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்துச் செப்பேடு இதற்குத் தக்க சான்று. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது அது. சாளுக்கியன் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சியையே கைப்பற்றியதாகத் தன் 674ஆம் ஆண்டுக் கத்வால் செப்பேட்டில் பறைசாற்றுகிறான். பின்னர் அவனை முறியடித்த பரமேசுவரவர்மனின் புலவர், புழுதியும் குருதியும் யானைகளின் பிளிறலுமாக அப்போரை நெடுகப் பாடுகிறார். அதன்பின் செப்பேடு என்ன சொல்கிறது? பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வெட்டப்பட்டதையும், பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அந்நீரால் விளையும் ஊரையும் பற்றிப் பேசுகிறது. தலைநகரை ஒருமுறை பறிகொடுத்து மீட்ட அரசன் வாய்க்கால் வெட்டியதை இறைத்தொண்டு என்று மட்டும் கொள்வது போதாது. நாடு காக்கும் செயலின் இரண்டாம் பாதி அது.

உத்திரமேரூரிலும் இதே நினைவு வேறு வடிவில் காணப்படுகிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே போற்றுகிறோம். போற்றத்தக்கதுதான். ஆயினும் அந்தத் தேர்தலில் அமர்த்தப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதையும், கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற விதியையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். வயிரமேக தடாகத்தின் கரை உடைந்தால் ஊர் பட்டினி கிடக்கும். அக்கரையைக் காப்பவனிடம் கணக்குக் கேட்கும் உரிமை ஊருக்கு இருந்தது.

இனிச் செங்கல்பட்டுக்கு வருவோம். செங்கழுநீர்ப்பட்டு என்பதே அவ்வூரின் பழம்பெயர் என்பர். குவளை பூத்த நீர்நிலையால் பெயர் பெற்ற ஊரில், தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பின் தெற்கே ஒதுங்கிய விசயநகர மரபினர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டை கட்டினர். ஒரு புறம் பெரிய ஏரி. மற்றப் புறங்களில் சதுப்பும் நெல்வயலும். கல்லைவிட நீரே அக்கோட்டைக்கு வலிமை தந்தது. 1751இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தனர். 1752இல் கிளைவு மீட்டார். 1758இன் இறுதியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டைத் தளமாகக் கொண்ட ஆங்கிலப் படையினரும் மருதநாயகம் என்று தமிழர் நினைவில் நிற்கும் யூசுப்கானும் பின்புறமிருந்து பிரெஞ்சுக்காரரை ஓயாது அலைக்கழித்தனர். 1759இல் முற்றுகை கலைந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆகவே கோட்டை பயனற்றது என்று இக்கட்டுரை வாதாட வரவில்லை. எந்த நாளில் அது பயன்பட்டது, எந்த நாளில் பயன்படவில்லை என்பதே கேள்வி.

1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, சென்னையைச் சூழ்ந்த இப்பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் மானிய நிலமாகக் கொடுத்தார். கம்பெனியோ அதை உடனே நவாபுக்கே குத்தகைக்கு விட்டு, 1780 வரை பணம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது. இடையில் 1767 தொடங்கித் தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் ஜாகீரை அளந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் நிலம், வீடு, ஏரி, விளைச்சல் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அதற்கு மூலமான ஊர்க் கணக்குகள் சில ஓலையில் எஞ்சியுள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் நம் காலத்தில் அச்சேறியும் உள்ளன.

அவ்வோலைகளைப் படிப்பவர் முதலில் காண்பது களத்து மேட்டை. நெல் தூற்றிக் குவிக்கப்பட்டதும், அரசின் பங்கும் உழவரின் பங்கும் பிரிக்கப்படுவதற்கு முன்பே, மேரை என்றும் சுவந்திரம் என்றும் பல கைகளுக்கு நெல் அளக்கப்படுகிறது. தச்சன், கருமான், நாவிதர், வண்ணார், கணக்கர், கோயில், ஊர்க் காவல்காரர் என்று அவ்வரிசை நீள்கிறது. ஏரிக்கென்றும் ஒரு பங்கு உண்டு. காவலுக்கு அளக்கும் அதே மரக்காலால் ஏரிக்கும் அளந்தார்கள். ஒன்று பாதுகாப்புச் செலவு, மற்றொன்று வேளாண்மைச் செலவு என்று தலைப்புப் பிரித்து எழுதும் பழக்கம் களத்து மேட்டுக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டில் எல்லாரும் நலமாய் வாழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. அடிமைப்பட்டு உழைத்த பண்ணையாட்களின் பங்கு கடைசியில் எவ்வளவு சிறிதாயிருந்தது என்பதும் அவ்வூர்களின் வரலாறே. ஆயினும் ஓர் ஊர் எவற்றால் நிற்கிறது என்பதில் அக்கணக்கு ஏமாறவில்லை.

1780ஆம் ஆண்டு சூலையில் ஐதர் அலி சங்கமக் கணவாய் வழியே கீழிறங்கினார். வருகிறார், வந்துவிட்டார் என்று உளவுச் செய்திகள் வந்தபோதும் சென்னை ஆட்சிக்குழு அசையவில்லை. பரங்கிமலையிலிருந்து பார்த்தால் எரியும் ஊர்களின் புகை தெரியும் என்ற நிலை வந்த பிறகே கம்பெனி விழித்தது. ஐதரின் குதிரைப்படை சென்னைக் கோட்டையின் மதிலை முட்டிப் பார்க்கவில்லை. மதிலைச் சுற்றியிருந்த ஊர்களையும், நெல்லையும், மாடுகளையும், மக்களையுமே அது தாக்கியது. கம்பெனியின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதைக் கம்பெனியைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார். அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்கள் கம்பெனியாரும் அல்லர், மைசூராரும் அல்லர்.

பக்சார் போரில் (1764) வென்று பெயர் பெற்ற எக்டர் மன்றோ, படையுடன் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். வடக்கேயிருந்து கர்னல் பெய்லியின் படை அவருடன் சேர வேண்டும். சில கல் தொலைவில் பெய்லி வளைக்கப்பட்டு உதவி கேட்டு எழுதுகிறார். மன்றோ நகரவில்லை. காரணம் கோழைத்தனம் அன்று. காஞ்சியில் அரும்பாடுபட்டுச் சேர்த்திருந்த சில நாள் அரிசியை விட்டு அகன்றால் அது ஐதர் கையில் போய்விடும். அப்புறம் படைக்கு உணவில்லை. அரிசி மூட்டைகள் ஒரு தளபதியைக் கட்டிப் போட்டுவிட்டன. செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் பெய்லியின் ஏறத்தாழ நாலாயிரம் பேர் கொண்ட படை அழிந்தது. மைசூரின் ஏவுகணைகளும், வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் இன்றும் உள்ளன.

செய்தி கேட்ட மன்றோ, இழுத்துச் செல்ல இயலாத பெரும் பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். அங்கே கோட்டை உண்டு. கோட்டையில் நெல் இருக்கும் என்று நம்பினார். மதில் இருந்தது, அகழி இருந்தது, ஏரியும் சதுப்பும் இருந்தன. ஆனால் எவ்வளவோ முயன்றும் ஒரு நாளைக்குப் போதுமான நெல் கூடத் திரட்ட முடியவில்லை என்று அக்கால ஆங்கில வரலாறு எழுதி வைத்திருக்கிறது. கிடைத்ததும் குத்தாத நெல்லே. அகழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாளே படை சென்னைக்கு நடையைக் கட்டியது. திருவள்ளுவர் அரணைப் பற்றிச் சொல்லும் அதிகாரத்தில் உயரமும் அகலமும் திண்மையும் சொன்னதோடு விடாமல், உள்ளே உணவு நிறைந்திருத்தலையும் அரணின் இலக்கணமாக வைத்தார். அவ்வதிகாரத்துக்கு முந்தியது நாடு பற்றியது. அங்கே பசி, பிணி, பகை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். படையின் மாட்சி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இந்த வைப்புமுறைக்கு உரையாசிரியர்கள் தந்த விளக்கங்களைவிடச் செங்கல்பட்டுக் கோட்டையின் அந்த ஒரு நாள் தெளிவான உரை.

பிறகு வங்காளத்திலிருந்து அயர் கூட்டு வந்தார். பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் வென்றார். வென்ற களத்திலிருந்து ஐதரைத் துரத்திச் செல்ல அரிசியும் இல்லை, வண்டிமாடுகளும் இல்லை. வெற்றி பெற்ற படை உணவு தேடிக் கடற்கரைக்குத் திரும்பும். தோற்ற படை ஊர்ப்புறத்தைத் தன்வயம் வைத்திருக்கும். 1782 பிப்ரவரி 17இல் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக் கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹ்யூசின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. சதுரங்கப்பட்டினத்துக்கும் திரிகோணமலைக்கும் இடைப்பட்ட கடலில் அவ்விருவரும் மொத்தம் ஐந்து முறை போரிட்டனர், ஒன்றிலும் முடிவில்லை. கடற்போர் வரலாற்றில் இவற்றுக்குத் தனி அத்தியாயம் உண்டு. அதே கரையில் அதே மாதங்களில் நடந்த பஞ்சத்துக்கு அந்நூல்களில் அடிக்குறிப்புக்கூட அரிது.

பாழான ஊர்களிலிருந்து மக்கள் சென்னைக்குத் திரண்டனர். மதிலுக்குள் பீரங்கிகள் பத்திரமாயிருந்தன. மதிலுக்கு வெளியே பிணங்கள் விழுந்தன. மணியக்காரர் ஒருவர் தொடங்கிய கஞ்சி வார்ப்பு 1782இல் மணியக்காரர் சத்திரமாயிற்று. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்று சொல்வது அக்காலத்தின் எச்சமே. அவ்வாண்டு அக்டோபரில் கடலில் வந்த அரிசியும் கைக்கு எட்டவில்லை. சென்னைத் துறையில் வீசிய புயலில் நெற்கப்பல்கள் பல கரையில் மோதிச் சிதறின. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இரு தரப்பாரும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டனர். நிலப்படத்தில் எல்லைக்கோடுகள் போர் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தன.

இந்தக் கதையைப் பாதுகாப்பு பற்றிய சிந்தனையாக முதலில் மாற்றியவர், வியப்பாக, ஓர் அயர்லாந்துக்காரர். 1785 பிப்ரவரி 28இல் ஆங்கில நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரையில் ஐதரின் அழிவை வருணிக்கும் பகுதி புகழ் பெற்றது. அதைவிடக் கூர்மையானது அதைத் தொடர்ந்து வரும் பகுதி. பர்க் ஜாகீரின் நிலப்படத்தை முன்னே விரித்து வைத்துக்கொண்டு ஏரிகளைத் தாமே எண்ணுகிறார். ஆயிரத்து நூறுக்கு மேல் வருகிறது. இரண்டு மூன்று ஏக்கர் முதல் ஐந்து மைல் சுற்றளவு வரை. இவையே உண்மையான அரசர்களின் நினைவுச் சின்னங்கள் என்கிறார். நவாபுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்த கம்பெனி ஊழியர்களுக்கு இந்நாட்டின் வருவாயை எழுதிக் கொடுப்பதற்குப் பதில், இந்த ஏரிகளைச் செப்பனிடுவதே ஆள்வோரின் முதற்கடன் என்பது அவர் வாதத்தின் சாரம். தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனிடம், நிலமும் நீரும் கூடுமிடத்தில்தான் உயிரும் உடலும் படைக்கப்படுகின்றன, ஆகவே நீர்நிலை அமைப்பாயாக என்று குடபுலவியனார் சொன்னதை அவர் அறிந்திருக்க வழியில்லை. போர்ப்பித்துப் பிடித்த இளம் அரசன் முன் நம் புலவர் சொன்னதையும், பணப்பித்துப் பிடித்த அவையின் முன் பர்க் சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது கவிஞர்களின் வேலை. பர்க் பேசினார்; தீர்மானம் தோற்றது; கடன்காரர்களுக்கே பணம் போயிற்று.

ஜாகீரின் ஏரிகளுக்கு விடிவு சிறிது தாமதித்து வந்தது. 1794இல் கலெக்டராக வந்த லயோனல் பிளேசு, இந்நாட்டில் வரி வேண்டுமானால் முதலில் கரை வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு ஏரிகளைப் பழுதுபார்க்க முனைந்தார். மதுராந்தகத்து ஏரிக்கரையில் அடைமழை இரவில் வில்லேந்திய இருவர் காவல் நின்றதைப் பிளேசு துரை கண்டதாகவும், அதனால் தாயார் சந்நிதியைக் கட்டித் தந்ததாகவும் ஊர்க்கதை உண்டு. சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. ஏரி காத்த இராமர் என்ற திருப்பெயரைச் சற்று நின்று நோக்க வேண்டும். இலங்கையை வென்ற கோதண்டம் இங்கே ஒரு மண்கரையைக் காத்து நிற்கிறது. வில்லுக்கு அதைவிட உயர்ந்த வேலை இருப்பதாக மதுராந்தகத்து மக்கள் நினைக்கவில்லை.

பிளேசைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். அவர் மிராசுதார்களை அடக்கினார், பலரை நீக்கினார், வரியை உயர்த்தினார். குடிகள் ஊரைவிட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டியதுண்டு. 1798இல் அவர் பதவி விட்டுப் போனார். களத்து மேட்டில் ஏரிக்கு அளந்த நெல் காலப்போக்கில் கச்சேரிக் கணக்கில் கரைந்தது. கரையைக் காக்கும் பொறுப்பு ஊரின் கையிலிருந்து அரசின் கோப்புக்குப் போயிற்று. 1858ஆம் ஆண்டுச் சட்டமொன்று குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாக எழுதி வைத்தது. உரிமை போன பிறகு கட்டாயம் வந்தது என்பதே அதன் சுருக்கம்.

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் இதன் பெரும் வட்டி. அப்பஞ்சத்துக்குப் பின் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்புக்கென ஒதுக்கப்படும் என்று அரசு அறிவித்துப் புதுவரி விதித்தது. 1878இல் மூண்ட ஆப்கானியப் போருக்கு அப்பணம் திருப்பப்பட்டது என்ற கடுங்குற்றச்சாட்டு உடனே எழுந்தது. ஆயினும் அப்பஞ்சம் இக்கடற்கரைக்கு ஒன்றை விட்டுச் சென்றது. கிருட்டிணை நதிப்பக்கத்திலிருந்து மரக்காணம் வரை கரையோரம் ஓடும் உப்புநீர்க் கால்வாயில், அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடைப்பட்ட இணைப்பு 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை முழுக் கால்வாயும் பெற்றது. பசித்த வயிறுகள் வெட்டிய அக்கால்வாயின் பெயர் இன்னொரு நாளில் மீண்டும் கேட்கப்பட இருந்தது.

பகை வெல்லப்பட்டும் மக்கள் மாய்ந்த கதை ஜாகீரோடு முடிந்துவிடவில்லை. 1943இல் சப்பானியர் வங்க எல்லைக்கு அப்பால் தடுத்து நிறுத்தப்பட்டனர்; எல்லைக்கு இப்பால் முப்பது இலட்சம் வரையில் மக்கள் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். விடுதலை பெற்ற இந்தியாவும் 1965இல் இதை உணர்ந்தது. பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது நாட்டின் ரொட்டி அமெரிக்கக் கோதுமைக் கப்பலில் மிதந்துகொண்டிருந்தது. அதிபர் ஜான்சன் அக்கப்பல்களை மாதக் கணக்கில் எண்ணி எண்ணியே அனுப்பினார். அன்று உணவமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியமும், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் புது விதைகளுக்காகப் பட்ட பாட்டைப் பசுமைப் புரட்சி என்று மட்டும் சொன்னால் அதன் அவசரம் புலப்படாது. அது ஓர் எல்லைக்காவல். அதே சுப்பிரமணியம் 1979இல் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். எந்தப் பதவியில் அவர் நாட்டை அதிகம் காத்தார் என்பதில் ஐயமில்லை. அப்புரட்சி நிலத்தடி நீரையும் மண்ணையும் தின்ற கணக்கு வேறு. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. 1994இல் ஐக்கிய நாடுகளின் மானுட வளர்ச்சி அறிக்கையில் மகபூபுல் ஹக் என்னும் பாகிஸ்தானியப் பொருளியலறிஞர், எல்லையின் பாதுகாப்பிலிருந்து மனிதனின் பாதுகாப்புக்கு உலகம் நகர வேண்டும் என்று எழுதி, உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல் உள்ளிட்ட ஏழு கூறுகளை வகுத்தார். உலக அரங்குக்கு அது புதிய கருத்து; திருப்போரூர் ஓலைக்கு அன்று.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 திசம்பர் 26இன் பேரலை மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டுகளை வெளிக்காட்டியது. அவற்றின் வழியே 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது ஒரு முருகன் கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கற்றளிக்கு அடியில் அதற்கும் முந்திய செங்கல் கோயில். முன்னே கல்லால் ஆன வேல். கடலின் சீற்றமே இக்கோயிலை அழித்திருக்க வேண்டும் என்பது அகழ்ந்தோரின் கருத்து. போர்க்கடவுளின் வேலை மணல் மூடி நூற்றாண்டுகள் கழிந்த கரை இது.

அவ்விடத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை அடுத்துக் கல்பாக்கம். நாட்டிலேயே மிகக் கடுமையாகக் காக்கப்படும் வளாகங்களுள் ஒன்று. முள்வேலியும் காவற்படையும் பகைவன் எவ்வழியில் வருவான் என்று எண்ணி அமைக்கப்பட்டவை. அன்று காலை வந்தது பகைவன் அன்று. கடல்நீர் இறைக்கும் அறைக்குள் வெள்ளம் ஏறியதும் இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை இயக்குநர்கள் நிறுத்தினர், உலைக்குத் தீங்கில்லை. வேக ஈனுலைக்காகத் தோண்டியிருந்த பெரும் குழியில் கடல் நிறைந்தது. பின்னர் அடித்தள மட்டம் உயர்த்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலையைக் காத்தது துப்பாக்கியன்று, எந்த மட்டத்தில் எதைக் கட்டுவது என்று முன்பே சிந்தித்த கணக்கு. குடியிருப்புக்கு அந்தக் கணக்குப் போடப்படவில்லை.

இதைவிட வருத்தும் செய்தி ஒன்றுண்டு. சுமத்திராவுக்கு அப்பால் நில அதிர்வு நிகழ்ந்தது இந்திய நேரம் காலை 6.29க்கு. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்ற கடைசிச் செய்தி எட்டு மணிக்கு முன்பே தலைநிலத்திலிருந்த விமானப்படையினர்க்குக் கிடைத்ததாக அப்போதைய விமானப்படைத் தலைவரே பின்னர்ச் செய்தியாளரிடம் கூறினார். சென்னைக் கரையில் அலை மோதியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. போர் விமானங்களுக்கான செய்தித்தொடர்பு ஒழுங்காக வேலை செய்தது, செய்தி வந்துவிட்டது. அச்செய்தியை மணலில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவருக்குக் கொண்டுசெல்லும் வழியைத்தான் யாரும் அமைத்திருக்கவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர்; நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். பரங்கிமலையிலிருந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்த 1780ஆம் ஆண்டின் ஆட்சிக்குழுவையாவது கண்டிருந்தும் அசையாதவர்கள் என்று பழிக்கலாம். இங்கே பழிக்க ஆளில்லை, வழக்கம்தான் இருந்தது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வரை பல இடங்களில் அலையின் நீரை உள்வாங்கி ஊர்களைக் காத்தது பக்கிங்காம் கால்வாய் என்று ஆய்வாளர் பின்னர் எழுதினர்.

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் கடற்கோள் முன்னெச்சரிக்கை நிலையம் ஏறத்தாழ 125 கோடி ரூபாய்ச் செலவில் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின், சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இம்முறை சில நிமிடங்களில் எச்சரிக்கை புறப்பட்டது. கரையோர ஊர்களில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் நோக்கி நடந்தனர், சாலைகள் நிறைந்தன. அவ்வதிர்வின் தன்மையால் கடல் பெரிதாக எழவில்லை. மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. மக்கள் வீடு திரும்பி உலை வைத்தனர்.